கல்யாணத்துக்குப் பின் பதினான்கு நிமிடம்

பிப்ரவரி 6, திங்கள்

இல்லை, தோற்றுப்போய்த் திரும்பவில்லை. வேலை கிடைத்தது. வேலை இந்த ஊரில் இருந்தது. அவ்வளவுதான்.

தூத்துக்குடி. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் உப்புக்காற்று.

ராஜமணி போட்டோ ஸ்டூடியோவின் மாடி அறை. தொண்ணூற்று நான்கிலிருந்து இரண்டாயிரத்து மூன்று வரை இங்கிருந்துதான் 'ராஜமணி விஷன்' ஒளிபரப்பானது. கேபிளில், ஊருக்குள் மட்டும். மாலை ஏழு மணிக்கு அரைமணி நேரம் ஊர்ச் செய்தி. மற்ற நேரமெல்லாம் பிறந்தநாள் வாழ்த்தும் பாட்டும். ராஜமணி இறந்து ஆறு வருடமாகிறது. செய்தி வாசித்தவர் அவர் மனைவி ஜெயசீலி. ஊருக்கு இன்றும் அவர் 'நியூஸ் அக்கா'. இப்போது கீழே ஸ்டூடியோவை நடத்துகிறார். மருமகன் கல்யாணங்களுக்குப் படமெடுக்கப் போகிறார்.

மாடியில் கிடக்கும் வீடியோ கேசட்டுகளைச் சுத்தம் செய்து, ஓட்டி, கணினியில் ஏற்றி, சென்னையிலுள்ள காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும். இரண்டு மாதம். கேசட்டுகள் 412. ஓடக்கூடிய பிளேயர் ஒன்று.

ஜெயசீலி அக்கா சாவியைக் கொடுத்தார்.

"பல்லி இருக்கும். ஒண்ணுஞ் செய்யாது. உங்க அம்மா வீடு பக்கத்துலதான பெனி? பெறகு எதுக்கு இங்க தங்குத?"

"கேசட் பக்கத்துல இருந்தா வசதி அக்கா."

மேலே கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இதையே சொல்லியிருப்பேன்.

பிப்ரவரி 8

ஒரு கேசட்டின் அடியில் ஐந்து திருகாணிகள். ஐந்தும் துரு. உள்ளே நாடாவின் மேல் வெள்ளைப் பூஞ்சை. மூக்கில் துணி கட்டிக்கொண்டு துடைத்தேன். ஒரு நாளில் ஒன்பது.

பிப்ரவரி 10, வெள்ளி

அட்டைகளின்படி பிரித்தேன். செய்தி 61. பாட்டு, விழா 97. கல்யாணம் 254.

தனியார் வீட்டு விசேஷங்கள் காப்பகத்துக்கு வேண்டாம். அது அவர்கள் விதி. எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. ஒரு கல்யாணத்தைப் பார்த்தால் போதும். மற்றவற்றில் புடவை மட்டும் வேறு.

செய்தி என்று எழுதிய பெட்டியை மட்டும் மேலோட்டமாகத் துடைத்து ஓட்டினேன், பத்தொன்பதில்தான் செய்தி இருக்கிறது. எல்லாம் கடைசி ஒன்றரை வருடத்துச் செய்திகள். மற்றவை காலி அல்லது பாட்டு. தொண்ணூறுகள் எங்கே என்று அக்காவிடம் கேட்டேன்.

"கரையான்" என்றார். ஸ்டூடியோவில் யாரோ பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய சட்டைக் காலரைச் சரிசெய்யப் போய்விட்டார்.

பிப்ரவரி 13, திங்கள்

மதியம் ஒரு பெண் மாடியேறி வந்தார். சண்முகக்கனி. ஐம்பது வயது இருக்கலாம். உப்பளத்தில் உப்பு வாருகிறார். குதிகாலெல்லாம் வெடிப்பு. வாசலிலேயே நின்றார்.

"பழைய டிவியெல்லாம் தேடுற மேடம் நீங்கதானா?"

"மேடம் வேண்டாம். சொல்லுங்க."

"எங்களத் தேடணும்."

உட்காரவைத்துக் கேட்டேன். ஓடைக்கரைப் புதுத்தெரு, நாற்பத்தொரு வீடு. ஓடையை அகலப்படுத்தப் போவதால் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது. இரண்டாயிரம் ஜனவரிக்கு முன்பிருந்தே குடியிருப்பதாக நிரூபித்தால் ஊருக்குள்ளேயே மாற்று வீடு. நிரூபிக்காவிட்டால் எதுவும் கிடையாது. ரேஷன் கார்டு, கரண்ட் இணைப்பு எல்லாம் அவர்களுக்கு இரண்டாயிரத்து ஒன்றுக்குப் பிறகுதான் கிடைத்தன. அதற்கு முன்னால் அந்தத் தெருவுக்குக் காகிதமே இல்லை. விசாரணை மார்ச் பத்தாம் தேதி.

"ஆனா டிவியில வந்தோம். தெருவுக்குக் கொழாய் வந்த அன்னைக்கு. மொதக் கொடம் நாந்தான் பிடிச்சேன். மூத்தவன் இடுப்புல இருந்தான். ஏழு மணி செய்தியில நியூஸ் அக்கா சொன்னாவ. தெருவே நின்னு பாத்துச்சு."

"எந்த வருஷம்?"

"அவனுக்குப் பல்லு மொளைச்ச வருஷம்."

"வருஷமா சொன்னாத்தான் தேட முடியும்."

"அந்த ஆபீசரும் இதத்தான் சொன்னாவ" என்று சிரித்தார்.

தேடுகிறேன் என்றேன். செய்தியே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும்.

பிப்ரவரி 15

பாட்டு, விழாப் பெட்டிகளையும் மேலோட்டமாகத் துடைத்து வேகமாக ஓட்டிப் பார்த்தேன். குழாய் இல்லை. அம்மா இரண்டு முறை அழைத்தாள். கையில் ஸ்பிரிட் இருந்தது, எடுக்கவில்லை.

பிப்ரவரி 17, வெள்ளி

அறையில் கால் வைக்க இடமில்லை. கல்யாணக் கேசட்டுகளைக் கழிக்க முடிவு செய்தேன். பழைய பிளாஸ்டிக் கடைக்காரர் வண்டியோடு வந்தார். மூன்று மூட்டை, 240 கேசட். அலமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்தவை மட்டும் மிச்சம்.

ஜெயசீலி அக்கா படியில் நின்றிருந்தார்.

"எல்லாத்தையுமா போடுத?"

"கல்யாணந்தானே அக்கா."

எதையோ சொல்ல வந்ததுபோல இருந்தது. பிறகு மூட்டைக்கு வழிவிட்டு ஒதுங்கினார்.

பிப்ரவரி 20, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

பிளேயரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்துவிட்டுச் சோதனைக்காக, அலமாரிக்குப் பின்னால் கிடந்த ஒரு கல்யாணத்தைப் போட்டேன். ஓடட்டும் என்று விட்டுவிட்டுத் துணி துவைக்கப் போனேன். கல்யாணம் முடிந்தது. மணமக்கள் இதய வடிவத்துக்குள் நின்று கையசைத்தார்கள். நான் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தேன். திரையின் இரைச்சல் மட்டும் கேட்டது. ஏழெட்டு விநாடி.

பிறகு ஜெயசீலி அக்காவின் குரல். கீழேயிருந்து அல்ல. இருபத்தைந்து வருடத்துக்கு அப்பாலிருந்து.

"...ரத்தில் நேற்று பெய்த மழையால் உப்பு உற்பத்தி பாதிக்கப்பட்டது."

பாதிச் சொல்லில் தொடங்கிப் பதினான்கு நிமிடம் ஓடியது. உப்பள மழை. ஒரு பள்ளியின் ஆண்டு விழா. மார்க்கெட்டில் தக்காளி. கேசட் மூன்று மணி நேரம், கல்யாணம் இரண்டே முக்கால் மணி நேரம். மிச்சத்தில் அடியிலிருந்தது தலைகாட்டுகிறது.

ஈரக் கையோடு பிளாஸ்டிக் கடைக்கு ஓடினேன். ஒரு மூட்டையை உடைத்துவிட்டிருந்தார்கள். கறுப்பு நாடா தரையெல்லாம் கிடந்தது, ஒரு நாய் அதன்மேல் படுத்திருந்தது. கடைக்காரர் மிச்ச இரண்டு மூட்டைக்குக் குறுக்கே காலை நீட்டியிருந்தார்.

"எடை போட்டு எழுதியாச்சும்மா. அப்படி என்ன இருக்கு இதுல?"

"கல்யாணம்."

"யாருக்கு?"

"ஊருக்கே."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் காலை மடக்கிக்கொண்டார். வண்டியையும் கொடுத்தார்.

உடைந்தது எண்பது இருக்கும். அவற்றை எடுத்துச் சாக்கில் போட்டது நான். கழித்தவற்றின் பட்டியலில் என் கையெழுத்து இருக்கிறது.

பிப்ரவரி 21

காலையில் அக்காவை மாடிக்குக் கூப்பிட்டு அந்தப் பதினான்கு நிமிடத்தையும் ஓட்டிக் காட்டினேன். நின்றுகொண்டே பார்த்தார்.

"அப்ப எவ்வளவு முடி எனக்கு" என்றார் முதலில்.

நான் பிளேயரை நிறுத்தினேன்.

"அந்த மனுசன் சொன்னாரு, நேத்து செய்திய நாளைக்கு யாரு பாக்கப்போறா, கல்யாணம்னா காலத்துக்கும் பாப்பாவன்னு. அதான் செய்திக் கேசட்லயே கல்யாணத்த ஏத்துனோம். மேல புது அட்ட. புதுக் கேசட்டுன்னு சொல்லித்தான் குடுத்தோம்."

"எத்தனை பேருக்கு?"

"எத்தன கல்யாணம் எடுத்தோமோ அத்தனைக்கும். மாப்ள வீட்டுக்கு ஒண்ணு, பொண்ணு வீட்டுக்கு ஒண்ணு. எங்ககிட்ட ஒண்ணு."

"கரையான்னு சொன்னீங்க."

"கரையானே நாந்தான் பிள்ள. சாயந்திரம் ஏழு மணிக்கு வாசிப்பேன். ஆறு நா செய்தியில ஒரு கேசட் நெறையும், மறுநா காலையில அதே கேசட்டப் போட்டு ரெக்கார்ட் பட்டன அமுக்குவேன்."

முந்தானையால் பிளேயரின் மேலிருந்த தூசியைத் துடைத்தார். அங்கே தூசி இல்லை.

அப்படியானால் ஒவ்வொரு கேசட்டின் வாலும் வேறு. மிச்சச் செய்தி இந்த ஊரின் பீரோக்களில், பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது.

பிப்ரவரி 25, சனி

மூட்டைகளில் தேடிக்கொண்டே, மாலைகளில் வீடு வீடாகப் போகிறோம். அக்காவின் பழைய ஆர்டர் நோட்டு வழி காட்டுகிறது. வாசலில் அவரைப் பார்த்ததுமே "நியூஸ் அக்கா வந்திருக்காவ" என்று உள்ளே சத்தம் போகிறது. கல்யாணக் கேசட்டைக் கணினியில் ஏற்றிப் பென் டிரைவில் தருகிறோம், இலவசம், என்கிறார் அக்கா. காபியும் மக்ரூனும் கேசட்டும் வருகின்றன. உண்மையான காரணத்தை அவர் சொல்வதில்லை. நானும் சொல்லவில்லை. மக்ரூன் தொண்டையில் இறங்குகிறது, அதுதான் ஆச்சரியம்.

இன்று பதினொன்று.

பிப்ரவரி 27

பதினாறு வால் பார்த்தேன். விளையாட்டு விழா, தேர், தண்ணீர் லாரி மறியல், மறுபடி தேர். குழாய் இல்லை. சண்முகக்கனி வேலை முடிந்து வந்து, தரையில் உட்கார்ந்து கூடவே பார்க்கிறார். தெரிந்த முகம் வந்தால் பெயர் சொல்கிறார். எழுதிக்கொள்கிறேன். இதுவரை 73 பெயர்கள்.

மார்ச் 1, புதன்

அம்மா படியேறி வந்தாள். கையில் துணிக்கடைப் பை.

"ஊரு பூரா வீடு வீடா கேசட் கேட்டுத் திரியுதியாம். எங்கிட்ட மட்டும் கேக்கல."

பையில் அவள் கல்யாணக் கேசட். ரெக்ஸலின் வெட்ஸ் எட்வின், 1997. ராஜமணி ஸ்டூடியோ. இது அவளிடம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எறிந்திருப்பாள் என்று நினைத்திருந்தேன். அப்பா ஓசூரில் இருக்கிறார். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

கடைசிக்கு ஓட்டப் போனேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"ஓடட்டும். எனக்கொண்ணும் இல்ல. உனக்குத்தான்."

இரண்டே முக்கால் மணி நேரம் பார்த்தோம். அம்மா அதிகம் சிரித்தாள். யார் யார் சண்டை போட்டார்கள், பிரியாணியில் உப்பு குறைந்தது, பாதிரியார் பெயரை மாற்றிச் சொன்னது. அப்பா வரும்போது பேச்சை நிறுத்தவில்லை. "பாவம், அந்த கோட்டுல வெந்திருக்கும்" என்றாள். எனக்கு அவ்வளவு எளிதாக இல்லை.

பிறகு இரைச்சல். பிறகு ஒரு பள்ளி மைதானத்தில் சாக்கு ஓட்டப்பந்தயம். எல்லாப் பிள்ளைகளும் விழுகிறார்கள்.

"கல்யாணத்தோட முடியல பாரு" என்றாள் அம்மா. கேசட்டைத்தான் சொன்னாள் என்று வைத்துக்கொள்கிறேன்.

குழாய் இல்லை. சாப்பாடு அவள் வீட்டில்.

மார்ச் 4, சனி

கிடைத்தது.

லிங்கதுரை, மாரிச்செல்வி கல்யாணம். மாவு மில் வைத்திருப்பவர்கள். போன வாரம் கொடுத்தது. இதயத்துக்குள் கையசைப்பு, இரைச்சல், பிறகு "...டி மக்களின் நீண்டநாள் கோரிக்கை". தெரு. ஓலையும் தகரமுமாக வீடுகள், வரிசையாக. நடுவில் குழாய், மாலை போட்டிருக்கிறது. மெலிந்த ஒரு பெண், இடுப்பில் குழந்தை, பிளாஸ்டிக் குடம். தண்ணீர் விழுகிறது. குழந்தை குடத்துக்குள் கைவிடுகிறது. நான்கு நிமிடம் பத்து விநாடி.

சண்முகக்கனி திரைக்கு மிக அருகில் போனார். பின்னணியில் நின்ற ஒரு ஆளின் மேல் விரலை வைத்தார்.

"எங்க வீட்டுக்காரரு. போட்டோவே கெடையாது அவருக்கு."

பன்னிரண்டு முறை ஓட்டினேன். பிறகு நாடாவுக்கு ஆகாது என்று நகலைப் போட்டேன்.

மார்ச் 5, ஞாயிறு

தெருவுக்காக வாதாடும் வக்கீல் வந்து பார்த்தார். கேட்ட முதல் கேள்வி: தேதி எங்கே?

தேதி செய்தியின் தொடக்கத்தில் வரும். தொடக்கத்தின் மேல் கல்யாணம் இருக்கிறது.

ஒரு மணி நேரம் யோசித்தேன். பிறகு கேசட்டின் ஆரம்பத்துக்குப் போனேன். எல்லாக் கல்யாணக் கேசட்டும் அழைப்பிதழைக் காட்டித்தான் தொடங்கும். பிளாஸ்டிக் ரோஜாக்களுக்கு நடுவே: 27.8.1998. ஆர்டர் நோட்டின்படி நான்காம் நாளே கேசட்டைக் கொடுத்துவிட்டார்கள். செய்தியின் மேல்தான் கல்யாணம் பதிவாகியிருக்கிறது. அப்படியானால் செய்தி அதற்கு முந்தியது. அழித்ததே தேதி சொல்கிறது.

வக்கீல் தலையாட்டினார். "ஆனா பழைய கேசட்லதான் கல்யாணத்தை ஏத்தினோம்னு ஏத்தினவங்க வந்து சொல்லணும். கையெழுத்துப் போட்டு."

ஏத்தினவர் கீழே யாருக்கோ "லேசா சிரிங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மார்ச் 6, திங்கள்

"என் வாயால வராது" என்றார் அக்கா. "வேற என்ன கேட்டாலும் செய்யுதேன். முந்நூறு குடும்பம், பெனி. இன்னைக்கும் பிள்ளைங்க கல்யாணத்துக்கு எங்களத்தான் கூப்பிடுதாவ. மருமகன் முகத்த யாரு பாப்பா? செத்துப்போன மனுசன ஏமாத்துக்காரன்னு நானே போய்ச் சொல்லவா?"

நான் வாதாடவில்லை. நல்ல குணத்தால் அல்ல. எண்பது கேசட்டைக் குப்பைக்குப் போட்டதைக் காப்பகத்துக்கு நான் இன்னும் எழுதவில்லை.

மாலை எழுதினேன். ஐந்து வரி. அனுப்பிய பிறகு அக்காவிடம் போய், அனுப்பிவிட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

"வேலையில இருந்து எடுத்துருவாவளா?"

"தெரியல."

மார்ச் 7

காலை ஏழரைக்கு அக்கா கதவைத் தட்டினார். புடவை மாற்றி, பொட்டிட்டு, பழைய நியூஸ் அக்காவாக.

"மொதல்ல மாவு மில்லுக்குப் போவோம். கோர்ட்டு கேக்குறதுக்கு முன்ன அவியளுக்குத் தெரியணும்."

மில் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா சொன்னது இரைச்சலில் கேட்காமல் லிங்கதுரை இரண்டு முறை திருப்பிக் கேட்டார். மூன்றாம் முறை சொல்வதற்காக அக்கா மில்லை நிறுத்தச் சொன்னார். பிறகு அந்த அமைதியில் சொன்னார்.

"எங்க கல்யாணத்த எச்சிக் கேசட்லயா எடுத்துக் குடுத்திய?" லிங்கதுரையின் முகம் மாவுக்கடியிலும் சிவந்தது. "அதுவும் நீங்களா அக்கா?"

அக்கா தலை குனியவில்லை. "ஆமா. நாந்தான் ஏத்துனேன்."

மாரிச்செல்வி அரிசிச் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். "கல்யாணம் அழியலேல்ல?" என்றார்.

"இல்ல."

"பெறகு என்னத்துக்குக் குதிக்கிறீரு? நாப்பது வீட்டுக்காரன் நம்ம கல்யாணத்துக்கு அடியில குடியிருந்துருக்கான். இருந்துட்டுப் போறான்." அக்காவைப் பார்த்தார். "கேசட்ட கோர்ட்டுக்குக் கொண்டுபோங்க. திரும்ப வேணும் எனக்கு."

லிங்கதுரை மில்லை ஓடவிட்டார். போகும்போது எங்களுக்கு வணக்கம் சொல்லவில்லை.

மார்ச் 10, வெள்ளி

பிளேயரை ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். விசாரணை அறை சிறியது. தெருவில் பாதிப் பேர் நடைபாதையில்.

ஜெயசீலி அக்கா எழுந்து நின்றார். செய்தி வாசிக்கும் குரல்தான் வந்தது, எழுத்துத் தமிழில், நிறுத்தி நிறுத்தி. "ஒளிபரப்பு முடிந்த கேசட்டுகளில்தான் திருமணங்களைப் பதிவு செய்தோம். வாடிக்கையாளர்களிடம் அவற்றைப் புதியவை என்று கூறினோம். அது தவறு."

அதிகாரி ஒரு பெண். கண்ணாடியைக் கழற்றினார்.

"கல்யாணத்துக்குப் பிறகு மிச்ச இடத்துல இந்தச் செய்தியைப் பின்னாடி யாரும் பதிவு பண்ணியிருக்கலாமே?"

என்னைப் பார்த்தார்கள். கல்யாணமும் செய்தியும் சேருமிடத்தை ஓட்டிக் காட்டினேன். புதுப் பதிவு பழையதன் மேல் ஓடும்போது கருவி சற்று முன்னே போய் அழித்துக்கொண்டே போகும். நிறுத்தினால் அழிந்த இடம் வெறும் புள்ளிகளாக நிற்கும், அதன் பிறகு பழையது பாதிச் சொல்லில் எட்டிப்பார்க்கும். பின்னால் சேர்த்திருந்தால் செய்தி முதல் சொல்லிலிருந்தே தொடங்கியிருக்கும். புள்ளிகள், பிறகு "...டி மக்களின்". இதுவரை நான் பார்த்த தொண்ணூற்றாறு கேசட்டிலும் இதே மாதிரி. பட்டியலைக் கொடுத்தேன்.

"இன்னொரு தடவ போடுங்க" என்றார். குழாயையல்ல, பாதிச் சொல்லை. மூன்று முறை கேட்டார்.

உத்தரவு இருபதாம் தேதி.

மார்ச் 13, திங்கள்

விஷயம் ஊருக்குள் பரவிவிட்டது. காலையில் ஒருவர் வந்து ஸ்டூடியோ வாசலில் பத்து நிமிடம் திட்டினார். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். மருமகனுக்கு ஏப்ரலில் ஒரு கல்யாணம் கைவிட்டுப் போனது.

பிறகு ஒரு தம்பதி வந்தார்கள். கையில் கேசட். நான் தயாரானேன்.

"எங்க கேசட்டுக்கு அடியில என்னக்கா இருக்கு?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

மாலைக்குள் ஒன்பது பேர் அதே கேள்வியோடு.

மார்ச் 15

காப்பகத்திலிருந்து பதில். எண்பது கேசட் பற்றி இரண்டு கடுமையான வரிகள். நியாயமானவை. கடைசி வரி: வேலையை ஆகஸ்ட் வரை நீட்டிக்கிறோம். இனி எதையும் கழிக்க வேண்டாம்.

துணிகளை அம்மா வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். இங்கே கேசட்டுக்கு இடம் வேண்டும்.

மார்ச் 20, திங்கள்

உத்தரவு வந்தது. காட்சி ஏற்கப்பட்டது. படத்தில் தெரியும் முப்பத்தெட்டு வீடுகள் 1998 ஆகஸ்டிலேயே இருந்தவை. அவர்களுக்கு மாற்று வீடு.

மூன்று வீடுகள் படத்தில் இல்லை. தெருவின் கிழக்குக் கடைசி. கேமரா அந்தப் பக்கம் திரும்பும்போதே செய்தி அடுத்ததுக்குப் போய்விடுகிறது. அவர்களுக்கு அறுபது நாள் அவகாசம்.

சண்முகக்கனி இனிப்பு கொண்டுவருவார் என்று அக்கா எதிர்பார்த்தார். அவர் மூன்று பேரைக் கூட்டிவந்தார். ஒரு கிழவர், இரண்டு பெண்கள்.

"இவியளும் மொதநாளே வந்தவிய. எங்க வீட்டுக்குக் கூரை போட்டதே இவருதான். வேற கேசட்டுல எங்கயாவது இருப்பாவ. பாக்கணும்."

"தெருவுல வேற என்ன விசேஷம் நடந்துச்சு? டிவி வந்து எடுக்கிற மாதிரி?" என்று அக்கா கேட்டார்.

கிழவர் யோசித்தார். "ஒருக்க தீப்பிடிச்சுது. ஒருக்க மந்திரி வாரேன்னு சொல்லி வரல."

"வராததயும் எடுத்தோம்" என்றார் அக்கா. "காத்துக்கிட்டு நிக்கிறத ரெண்டு நிமிசம் போட்டோம். எனக்கு ஞாபகம் இருக்கு."

வந்து குவிந்த கேசட்டுகளில் இன்னும் பார்க்காதவை 131. மூவரின் பெயரையும் வீட்டு அடையாளத்தையும் எழுதி வாங்கிக்கொண்டேன். சண்முகக்கனி தரையில் உட்கார்ந்தார், மற்ற மூவரும் உட்கார்ந்தார்கள். முதல் கேசட்டின் ஐந்து திருகாணிகளையும் கழற்றி, நாடாவைத் துடைத்து, மூடி, பிளேயருக்குள் தள்ளினேன்.